தண்ணி காட்டு

ஜூன் 3, செவ்வாய். பணகுடி

கோச் ரொசாரியோ சார் ஆளுக்கு ஒரு டைரி கொடுத்தார். எவ்வளவு தூரம் ஓட்டினாய், என்ன சாப்பிட்டாய், எங்கே வலிக்கிறது, எல்லாம் தினமும் எழுத வேண்டுமாம். ப்ளெஸ்ஸி வாங்கியதும் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். நூருன்னிசா முதல் பக்கத்தில் மருதாணி டிசைன் போட்டுப் பார்க்கிறாள். நான் மட்டும் எழுதுகிறேன். யாராவது செய் என்று சொன்னால் செய்துவிடுகிற பழக்கம் எனக்கு.

மாவட்டப் பெண்கள் சைக்கிள் அணி என்றால் நாங்கள் மூன்று பேர்தான். பயிற்சிக்காகத் தங்கியிருப்பது ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், பெண்ணை அலங்கரிக்கிற அறையில். ஆள் உயரக் கண்ணாடி முன்னால் மூன்று சைக்கிளும் சாய்ந்து நிற்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆறு சைக்கிள் தெரிகிறது.

ஜூலை ஆறாம் தேதி மாநிலப் போட்டி. இந்த வருஷம் எங்கள் பக்கமே நடக்கிறது: வள்ளியூரிலிருந்து காவல்கிணறு போய்த் திரும்பி, இரண்டு சுற்று. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த வருஷமும் விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, சைக்கிள். வராவிட்டால் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் எனக்காக அம்மாவும் இரண்டு எருமைகளும் காத்திருக்கிறார்கள். அங்கே போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

சார் காலையில் என்னைக் கூப்பிட்டார். "ஏளா ஆவுட, ஒன் வண்டியக் கொண்டா."

கொண்டுபோனேன். ஃபிரேமில் ஏற்கெனவே இரண்டு பாட்டில் ஹோல்டர் உண்டு. அதற்கு மேல், கீழ்க் கம்பிக்கு அடியில் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் இரண்டு என்று புதிதாக மாட்டினார். ப்ளெஸ்ஸி வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றினார். பாரம் குறையட்டுமாம்.

"சார், எனக்கு எதுக்கு இவ்ளோ?"

"நீ தண்ணி பாத்துக்கோ."

ப்ளெஸ்ஸிதான் ஜெயிக்கப் போகிறவள். அவளுக்குத் தண்ணீர் தீர்ந்தால் நான் பின்தங்கி, ஜீப்பில் நிரப்பிய பாட்டில்களை வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடி கூட்டத்தைப் பிடித்து, அவள் கையில் கொடுக்க வேண்டும். நூரு அவளுக்கு முன்னால் காற்றை மறைத்து ஓட்ட வேண்டும். வெளிநாட்டில் இப்படித்தான் ஓட்டுவார்களாம், அதற்குத் தனிப் பெயரே உண்டாம். பெயரைச் சொன்னார். வாயில் நிற்கவில்லை.

நூரு நல்ல பெயராக வைத்துவிட்டாள். தண்ணி லாரி.

என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறாரா, ஓட்டத் தெரியாதவள் என்று ஒதுக்கிவிட்டாரா? சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்றே புரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பட்டேன்.

ஜூன் 9, திங்கள்

ஐந்து பாட்டிலும் நிறைந்திருந்தால் வண்டி நான் சொன்னதைக் கேட்பதில்லை. எழுந்து நின்று மிதித்தால் பின்பக்கம் தனியாக ஆடுகிறது. பக்கக் காற்று அடித்தால் ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறது. இந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைக்காரர்கள் சும்மாவா இங்கே வந்து நட்டுவைத்திருக்கிறார்கள்.

அம்மா போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சைக்கிள் ஓட்டப் போனியா, தண்ணி சொமக்கப் போனியாட்டி?"

"ரெண்டுந்தான்."

"தண்ணி சொமக்கதுக்கு அம்புட்டுத் தூரம் போவணுமாக்கும்? இங்கன கொளம் இல்லியா, கொடம் இல்லியா?"

பதில் யோசிப்பதற்குள், "சரி, எருமைக்குத் தண்ணி காட்டணும், வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

இன்றைக்குப் பெரிய கூத்து. அடிக்கம்பிப் பாட்டிலை எடுத்து ப்ளெஸ்ஸியிடம் கொடுத்துவிட்டேன். அது முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் இருப்பதால் ரோட்டில் கிடப்பதெல்லாம் தெறித்து அதன் வாயில்தான் ஒட்டும். இன்றைக்கு ஒட்டியிருந்தது சாணி. அவள் உறிஞ்சிவிட்டு ரோட்டோரமாகத் துப்பிக்கொண்டே போனாள். நின்ற இடத்தில் கேட்டாள்: "எனக்க வாயில மாட்டக் கட்டிருக்கியாட்டி?"

நூரு சிரித்த சிரிப்பில் சைக்கிளோடு விழுந்தாள். அடிப் பாட்டில் இனிமேல் தலையில் ஊற்றிக்கொள்ள மட்டும்.

ப்ளெஸ்ஸி நாகர்கோவில் பக்கம். நெட்டையானவள். தண்ணீர் வேண்டுமென்றால் திரும்பிப் பார்க்கமாட்டாள், கையை மட்டும் பின்னால் நீட்டுவாள். நான் வைப்பேன். நன்றி என்றெல்லாம் சொல்வதில்லை. கை தானாகவே முன்னால் போய்விடும். முதலில் கோபம் வந்தது. இப்போது கோபம் வரவில்லை, அது ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மண்டபத்தில் கல்யாணம். எங்களைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அண்டாக்களுக்கு நடுவில் தூங்கி எழுந்து ஓட்டப் போனோம். வந்து பந்தியில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள். நான் பாயசம் மூன்று தடவை வாங்கியதை சார் பார்த்துவிட்டார். சாயங்காலம் எங்களுக்கு இன்னொரு ஓட்டம்.

அந்த ஓட்டத்தில் நான்கு தடவை ஜீப்புக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் இரண்டு பேரும் புள்ளியாகத் தெரிகிற தூரத்துக்குப் போய்விடுகிறார்கள். பிடித்துவிடுகிறேன், ஆனால் பிடித்ததும் மறுபடி பின்னால் போக வேண்டியிருக்கிறது. இப்படி இருந்தால் நான் எப்போது முன்னால் ஓட்டக் கற்றுக்கொள்வது?

முடிந்ததும் நூரு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு மூச்சே வாங்கலயேட்டி" என்றாள். நான் என்ன செய்ய, எனக்கு வேர்ப்பதுதான் அதிகம்.

ஜூன் 18, புதன்

சார் போன வருஷத் தோல்வியைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசி பத்துக் கிலோமீட்டர்ல அந்தச் சேலத்துக்காரி நமக்கெல்லாம் தண்ணி காட்டிட்டுப் போயிட்டா" என்றார்.

எனக்கு அந்தப் பெண் மேல் மரியாதை வந்துவிட்டது. போட்டியில் எதிராளிகளுக்கு நின்று தண்ணீர் கொடுத்திருக்கிறாளே! "நல்ல புள்ள சார்" என்றேன்.

சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். நூருதான் விளக்கினாள். "ஏட்டி, தண்ணி காட்டுறதுன்னா ஏமாத்திட்டு ஓடிப்போறது. போலீசுக்குத் திருடன் தண்ணி காட்டுறான்னு சொல்லமாட்டாவளா?"

கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் தண்ணி காட்டு என்றால் வாளியைத் தூக்கு என்றுதான் அர்த்தம்.

ஜூன் 22, ஞாயிறு

ஒவ்வொருவராகத் தனித்தனியே ஓட்டவிட்டு நேரம் எடுத்தார். ப்ளெஸ்ஸி, பிறகு நூரு. நான் பாட்டில்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக நின்றேன்.

"நீ வேண்டாம். ஒனக்கு எதுக்கு டைம்?"

"சும்மா ஒரு தடவ சார்."

"பாட்டில மாட்டு."

மாட்டினேன். என்னை வேண்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாமே. வேண்டும் என்றால் ஒரு தடவை நேரம் பார்த்தால் என்ன, கடிகாரம் தேய்ந்துவிடுமா?

ஜூன் 27, வெள்ளி

சீட்டுக்குப் பின்னால் உள்ள ஹோல்டர் தொடையில் உரசி உரசித் தோல் கன்றிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நடையைப் பார்த்தே ப்ளெஸ்ஸி கண்டுபிடித்துவிட்டாள்.

"காட்டு. நாணப்படாத."

தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தடவிவிட்டாள். பிறகு உட்கார்ந்து ஹோல்டரைக் கழற்றி, பழைய டியூபை வெட்டிச் சுற்றி, கொஞ்சம் மேலே தள்ளி மாட்டினாள். நானும் அவளும் மனம்விட்டுப் பேசிக்கொண்டது இன்றைக்குத்தான். அவள் அப்பா கோழிக்கோட்டில் எங்கோ கொத்தனார் வேலை. வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இந்த விடுதி இல்லையென்றால் அவளுக்குப் போக்கிடம் சித்தி வீடுதான்.

"ஜெயிச்சிரு" என்றேன்.

"நீ தண்ணி குடு, நான் ஜெயிக்கேன்" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

காற்று. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 5, சனி

நாளைக்குப் போட்டி. சார் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "ப்ளெஸ்ஸி மொத எடம் வந்தா, மூணு பேருக்கும் விடுதியில எடம் கேட்டு வாங்கித் தாரேன். டீமாத்தான ஓட்டுதோம்."

"கேட்டா குடுப்பாவளா சார்?" என்றாள் நூரு.

"கேப்பேன்" என்றார்.

கேட்பேன் என்றால் கேட்பார். கொடுப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் நூருவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஐந்து பாட்டிலையும் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

முதல் இடம். நான்.

எழுத வரவில்லை. ப்ளெஸ்ஸிக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. பாட்டில்கள் ஐந்தும் அப்படியே நிறைந்திருக்கின்றன.

ஜூலை 7, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாவது சுற்றில் காவல்கிணற்றில் திரும்பியபோது முன்கூட்டத்தில் எட்டுப் பத்துப் பேர் இருந்தோம். நூரு அதற்கு முன்பே களைத்துப் பின்தங்கிவிட்டாள். சேலத்துக்காரி கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். ப்ளெஸ்ஸியின் ஒற்றைப் பாட்டில் காலி. என்னிடம் இருந்ததும் காலி. நல்ல வெயில், அதோடு காற்று வேறு வாயை உலர்த்தியது. நான் ஜீப்புக்குப் போய் ஐந்து பாட்டிலையும் வாங்கி மாட்டினேன். கிளம்பும்போது சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்:

"ஏளா ஆவுட! தண்ணி காட்டு!"

அவர் வழக்கமாகத் தண்ணி குடு என்றுதான் சொல்வார். நேற்றைக்கு மட்டும் காட்டு என்றார். தண்ணி காட்டுவது என்றால் என்னவென்று நூரு ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருக்கிறாள். சேலத்துக்காரியை முந்திப் போ என்கிறார் என்று புரிந்துகொண்டேன். அப்படிக் கத்தும்போது அவர் ப்ளெஸ்ஸி இருந்த பக்கம் கையை நீட்டினார். காற்றில் கை அப்படி இப்படிப் போவது சகஜம்தான்.

கூட்டத்தைப் பிடித்தேன். ப்ளெஸ்ஸி கடைசியில் இருந்தாள். கையைப் பின்னால் நீட்டினாள். கையுறையைக் கழற்றியிருந்தாள், வெறும் கை. விரல்களை மூடித் திறந்தாள். நான் அவள் பக்கத்தில் வந்தேன். தாண்டிப் போனேன்.

ஏன் விரல்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறேன்? போட்டியைப் பற்றி எழுத வேண்டும்.

கூட்டத்திலிருந்து யாரும் என்னைத் துரத்தவில்லை. பாட்டில் பாட்டிலாகத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவளை யார் துரத்துவார்கள்? சேலத்துக்காரியை நெருங்கியபோது பாட்டில்கள் குலுங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். யாருக்கோ தண்ணீர் கொண்டுபோகிறாள் என்று நினைத்திருப்பாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். பாலத்து ஏற்றத்தில் அவளைத் தாண்டினேன். அவளுக்கு விஷயம் புரிந்தபோது நான் இறக்கத்தில் இருந்தேன்.

முன்னால் ஒருவரும் இல்லாத ரோட்டை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

ப்ளெஸ்ஸிக்குக் கால் பிடித்துக்கொண்டதாம். இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டி விழுந்தாளாம். ஒன்பதாவது.

நான் சார் சொன்னதைத்தான் செய்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

அம்மாவிடம் போனில் சொன்னேன். "மொத எடமா? ஒனக்குத் தண்ணி சொமக்க வேலதான குடுத்தாவ?" என்றாள்.

"ஆமா."

"சொமந்தியா?"

"சொமந்தேன்."

"பொறவு என்னட்டி கொழப்பம், நல்லாத்தான செஞ்சிருக்க" என்றாள். நான் குழப்பம் என்று ஒன்றும் சொல்லவே இல்லை.

ஜூலை 9, புதன்

மாவட்டச் சங்கத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். அங்கே போகும் வழியில் சாரோடு ஜீப்பில் இருந்தேன். நானாகத்தான் ஆரம்பித்தேன்.

"சார், நீங்க தண்ணி காட்டுன்னு சொன்னீங்கல்லா?"

"ஆமா, சொன்னேன்."

"எதச் சொன்னீங்க?"

வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னேன்ல" என்றார்.

ஆனால் மேடையில் ஏறியதும் வேறு ஆளாகிவிட்டார். "எல்லாம் நம்ம திட்டந்தான் சார். இவள யாரும் கண்டுக்கிடக் கூடாதுன்னுதான் ஒரு மாசமா தண்ணி தூக்க விட்டேன். கடைசியில ஒரே வார்த்த. ஏளா, தண்ணி காட்டுன்னேன். காட்டிட்டா! நாலு கிலோ பாரத்தோட!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்படியானால் நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஒரு மாதமாகத் திட்டம் என்றால் எனக்கு ஏன் ஒரு நாள்கூட நேரம் எடுக்கவில்லை? கேட்கத் தோன்றியது. கேட்டால் அவர் வேறு எதையாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. சால்வையை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ப்ளெஸ்ஸி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். நூரு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போல. ப்ளெஸ்ஸி என்னிடம் சண்டை போடவில்லை. சீப்பைக் கேட்டாள், கொடுத்தேன். அறையில் அந்தப் பெரிய கண்ணாடி இருப்பதால் அவளைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

விடுதியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் சார் கேட்டார். கொடுக்கவில்லை. நூரு மேலப்பாளையத்துக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "தண்ணி லாரின்னு இனிமே யாரும் கூப்பிடமாட்டாவட்டி" என்றாள். அது வாழ்த்தா திட்டா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

ப்ளெஸ்ஸி காலையில் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சாரிடம் ஒப்படைத்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. காற்று வழக்கம்போல அடித்தது. நாகர்கோவில் பஸ் வர நேரமாகும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"சார் சொன்னதத்தான் செஞ்சேன்" என்றேன்.

"சார் என்ன சொன்னாருன்னு நான் கேக்கல. உனக்கு என்ன கேட்டுச்சு?"

"காத்துல சரியா..."

"நான் உனக்கு முன்னால, இன்னும் தூரத்துல இருந்தேன் மக்கா. எனக்கே கேட்டுச்சு. தண்ணி வருதுன்னுதான கைய நீட்டுனேன்."

நான் எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் செருப்பைக் கழற்றி அதன் மேல் காலை வைத்துக்கொண்டாள்.

"அது போட்டும்" என்றாள். "சாருக்காகப் போனேன்னு நீ சொன்னதுதான் எனக்குப் பொறுக்கல. நீ உனக்காகப் போன. நானா இருந்தாலும் போயிருப்பேன். பந்தயம்னா அதுதான."

பஸ் வந்துவிட்டது. பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள்.

"ஆனா ஒண்ணுட்டி. ஒரு பாட்டில எனக்க கையில வச்சிட்டுப் போயிருந்தாலும் நீதான் ஜெயிச்சிருப்ப. பாரமும் கொறஞ்சிருக்கும்."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.